குடைச்சல்

இரவு எட்டரை மணிக்கு மேல் அம்மாவின் கால்களில் ஏறி மிதிப்பது என் வேலை. அவள் குப்புறப் படுத்துக்கொள்வாள். கெண்டைக்காலில் ஒரு பாதம், தொடையில் ஒரு பாதம் வைத்துச் சுவரைப் பிடித்தபடி நான் மிதிப்பேன். “இன்னும் அழுத்தி மிதிட்டி” என்பாள். ஏழு வயதில் நான் இருபது கிலோகூட இருந்திருக்க மாட்டேன். நான் தூங்கிப்போன பிறகு பழைய சேலையைக் கிழித்து முழங்காலுக்குக் கீழே இறுகக் கட்டிக்கொள்வாள். அதிலும் அடங்காவிட்டால் எழுந்து முற்றத்தில் நடப்பாள். முற்றம் போதாமல் தெருவில் நடப்பாள்.

நாள் முழுக்கச் சம்மணம் போட்டு உட்கார்ந்து, சொளவை மடியில் வைத்துப் பீடி சுற்றுகிறவளுக்குக் கால் வலிக்காமல் என்ன செய்யும் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். வலி இல்லை என்று அம்மா சொல்லிப் பார்த்தாள். “வலிக்கல. உள்ளுக்குள்ள எறும்பு ஊருத மாதிரி இருக்கு. ஆட்டுனா நிக்கி, படுத்தா வருது.” இதைவிடத் துல்லியமாக அந்த நோயை விவரிக்க முடியாது என்பது எனக்கு முப்பது வருடம் கழித்துத் தெரிந்தது. தெருவுக்குத் தெரிந்ததோ வேறு. நடுராத்திரியில் ஒரு பொம்பளை தனியாக நடக்கிறாள். அப்பாவின் காதுக்கு அந்தச் சேதி இன்னும் கொஞ்சம் சேர்த்துச் சொல்லப்பட்டது. முதலில் கேள்வி, பிறகு அடி. ஆச்சி ஒரு கோடாங்கியிடம் கூட்டிப்போய்க் கறுப்புக் கயிறு மந்திரித்துக் கட்டிவிட்டாள். கட்டியது காலில்தான்.

எனக்கு அது முப்பத்தேழாவது வயதில் வந்தது. பத்தரை மணிக்குப் படுப்பேன். பத்து நிமிடத்தில் கெண்டைக்காலுக்குள் ஒரு குடைச்சல் தொடங்கும். காலை நீட்டுவேன், மடக்குவேன், கட்டில் சட்டத்தில் தேய்ப்பேன். கணவர் இரண்டு முறை பொறுத்துக்கொண்டு மூன்றாவது முறை தலையணையை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போவார். பிறகு அவர் ஹாலில் தூங்க, நான் படுக்கையறைக்கும் அடுப்படிக்கும் நடுவே நடப்பேன். விடியற்காலை மூன்றரைக்குத்தான் கண் அசரும். ஐந்தரைக்கு எழ வேண்டும். பள்ளியில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளிடம் காரணமில்லாமல் எரிந்து விழுந்தேன்.

முதலில் பார்த்த மருத்துவர் ரத்தம் எடுத்துப் பார்த்தார். ஹீமோகுளோபின் 12.1. கர்ப்பமாக இல்லாத பெண்ணுக்கு 12க்குக் கீழே போனால்தான் ரத்தசோகை. “எல்லாம் நார்மல் மேடம். மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க” என்றார். வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று என்னிடம் கேட்கவில்லை, கணவரிடம் கேட்டார். தூக்கம் வருவதற்கு என்று அலர்ஜிக்குக் கொடுக்கிற மாத்திரை ஒன்றை எழுதித் தந்தார். அதைப் போட்ட இரவுகளில் கண் சொருகும், கால் மட்டும் முன்னைவிட மோசமாக இழுக்கும். தூக்கம் வரவைக்கிற அலர்ஜி மாத்திரைகள் இந்தக் கால் தொந்தரவை அதிகமாக்கும் என்பது மருத்துவப் புத்தகங்களில் உள்ள செய்திதான். காலைப் பற்றி நான் சொன்னதை அவர் காதில் வாங்கியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டாவதாகப் போன பெண் மருத்துவர் வேறு மாதிரி கேட்டார். சும்மா இருக்கும்போது வருகிறதா? அசைத்தால் குறைகிறதா? சாயங்காலத்துக்கு மேல்தான் அதிகமா? பிறகு, மாதவிடாய் எத்தனை நாள், ஒரு நாளைக்கு எத்தனை நாப்கின் என்றார். ஏழு நாள், முதல் மூன்று நாள் இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று என்றேன். அவர் எழுதிய பரிசோதனையின் பெயர் ஃபெரிட்டின். உடம்பு சேமித்து வைத்திருக்கும் இரும்பு எவ்வளவு என்று காட்டுவது. ஹீமோகுளோபின் கையில் இருக்கும் காசு என்றால் ஃபெரிட்டின் அஞ்சறைப் பெட்டியில் ஒளித்து வைத்திருப்பது. கைக்காசு குறையாமலிருக்கப் பெட்டிக் காசை எடுத்து எடுத்துச் செலவழித்திருக்கிறது என் உடம்பு. எனக்கு 11 இருந்தது. அந்த லேப் தாளில் பெண்களுக்கு இயல்பு என்று அச்சிட்டிருந்த கீழ் எல்லை 10. அதனால் என் 11க்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறிகூட இல்லை. இந்தக் கால் நோய்க்கு, 75 வரை இருந்தால்கூட இரும்பு கொடுத்துப் பார்க்கலாம் என்பது இப்போதைய மருத்துவ வழிகாட்டுதல். பத்து எப்படி இயல்பானது? இரும்பு வற்றிப்போன பெண்கள் இத்தனை பேர் இருக்கும்போது, வற்றுவதே இயல்பு என்று ஆகிவிடாதா?

2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஆண்களில் 25 சதவீதம். அந்தக் கணக்கெடுப்பு பார்த்தது ஹீமோகுளோபினை மட்டும்தான். 12.1 வைத்திருந்த நான் அந்த 57க்குள் வர மாட்டேன்.

இரும்புக்கும் காலுக்கும் என்ன சம்பந்தம்? மூளையில் டோபமைன் உருவாக ஒரு நொதி வேண்டும், அந்த நொதி வேலை செய்ய இரும்பு வேண்டும். மூளையில் இரும்பு குறையும்போது டோபமைனின் ஒழுங்கு கெடுகிறது. இரவில் அது இன்னும் கெடுகிறது. கால் தன்பாட்டுக்கு அசையச் சொல்கிறது. பெண்களுக்கு இது ஆண்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் இன்னும் அதிகம். இங்கிலாந்தின் தாமஸ் வில்லிஸ் 1672லேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். ஸ்வீடனின் எக்போம் 1945இல் இதற்கு ‘ஓய்வில்லாக் கால்கள்’ என்று பெயர் வைத்தார். இடையில் 1861இல் ஜெர்மனியின் விட்மாக் இதைக் கணைக்காலின் பதற்றம் என்று அழைத்து, ஹிஸ்டீரியாவோடு சேர்த்தார். ‘மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க’ என்பதற்கு நூற்றைம்பது வருடத்துக்கு மேல் வயதாகிறது.

மாத்திரை வாங்கி வந்தேன். உடனே எதுவும் நடக்கவில்லை, அதற்கு நானும் ஒரு காரணம். காலை டிபனோடு இரும்பு மாத்திரை, கூடவே கால்சியம் மாத்திரை, மேலே ஒரு டம்ளர் டீ. எல்லாச் சத்தையும் ஒரே வாயில் விழுங்கி வேலையை முடிக்கிற அவசரம். கால்சியமும் இரும்பும் ஒன்றாகப் போனால் கால்சியம் இரும்பை உள்ளே விடாது. டீயின் துவர்ப்பு மிச்சத்தையும் கெடுக்கும். இரண்டு மாதம் விழுங்கியதில் மலச்சிக்கலும் கறுத்த மலமும்தான் மிச்சம். இதற்கு நடுவில் சக ஆசிரியை ஒருவர், மெக்னீசியம் போட்டால் குழந்தை மாதிரி தூங்கலாம் என்று ஆன்லைனில் வாங்கிய டப்பாவிலிருந்து பாதியைக் கொடுத்தார். தூக்கம் வரவில்லை, வயிற்றால் போனது. நடப்பதற்கு எனக்கு இன்னொரு காரணம் கிடைத்தது. மெக்னீசியம் தூக்கத்துக்கு உதவும் என்பதற்கான ஆதாரம் மெலிதானது. சிறுநீரகம் பழுதானவர்கள் அதைத் தொடவே கூடாது. இரும்பையும் சோதனை செய்யாமல் விழுங்கக் கூடாது. தலசீமியா கூறு உள்ளவர்களுக்கும் ஹீமோகுளோபின் குறைவாக இருக்கும், ஆனால் அவர்களுடைய உடம்பில் இரும்புக்குப் பஞ்சம் இருக்க வேண்டியதில்லை.

மருத்துவர் திட்டிவிட்டுத் திருத்திக் கொடுத்தார். ஒன்றுவிட்டு ஒரு நாள், வெறும் வயிற்றில், எலுமிச்சைச் சாறோடு. டீ இரண்டு மணி நேரம் கழித்து. கால்சியம் இரவில். உதிரப்போக்குக்குத் தனியாக வைத்தியம். மூன்றாவது மாதம் ஒரு நாள் விழித்துப் பார்த்தபோது மணி ஐந்து. நடுவில் எழவே இல்லை என்பதை நம்ப முடியாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். ஐந்தாவது மாதம் ஃபெரிட்டின் 46.

எனக்கு வெட்கமாக இருந்த விஷயம் ஒன்று உண்டு. வாரம் ஒரு நாள் பள்ளியில் பிள்ளைகளுக்கு அரசு தரும் நீல மாத்திரையைக் கொடுப்பது நான்தான். 60 மில்லிகிராம் இரும்பு, 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம். பெண்பிள்ளைகள் நாக்கடியில் ஒதுக்கி வைத்துக்கொண்டு கழிப்பறைக்குப் பின்னால் துப்புவார்கள், அங்கே மழை பெய்தால் தரை நீலமாகும். வருடக்கணக்காக அவர்களைத் திட்டியிருக்கிறேன். காலையில் சாப்பிட்டீர்களா என்று கேட்டதில்லை. வெறும் வயிற்றில் அந்த மாத்திரை குமட்டும் என்பது நானே விழுங்கிய பிறகுதான் எனக்கு உறைத்தது.

எங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமைகளை யோசித்துப் பார்க்கிறேன். கால் கிலோ கறி எடுத்தால் கறிக்கடைக்காரரிடம் கேட்டு ஒரு சுவரொட்டி வாங்கி வருவார்கள். ரத்தம் ஊறும் என்று அதைச் சுட்டு அப்பாவுக்கும் அண்ணனுக்கும் கொடுப்பாள் அம்மா. மாதாமாதம் ரத்தம் போனது அவளுக்கு. நாலு பிள்ளை பெற்றது அவள். கடைசியில் சட்டியில் சோற்றைப் போட்டுப் பிரட்டித் தின்பாள், அதற்கு மேல் கடுங்காப்பி. பீடி சுற்றும்போது மடியில் ஒரு பிடி பச்சரிசி எப்போதும் இருக்கும். மென்றுகொண்டே இருப்பாள். நானும் தின்றேன். “கல்யாணத்தன்னைக்கு மழை பெய்யும்டி” என்று ஆச்சி கையில் அடிப்பாள். இரும்பு குறைந்த உடம்பு பச்சரிசியையும் மண்ணையும் சிலேட்டுக்குச்சியையும் கேட்கும் என்பது ஆச்சிக்கு எப்படித் தெரியும்? என் கல்யாணத்தன்று மழை பெய்யவில்லை.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவளுக்கு இப்போது எழுபத்தொன்று. இலையை நறுக்கியபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

“எனக்கு தூரம் நின்ன பொறவு அது கொறஞ்சு போச்சுட்டி” என்றாள். “அப்பவே நெனச்சேன், ரெண்டுக்கும் என்னமோ இருக்குன்னு. யாருகிட்ட சொல்ல?”

அப்பாவைப் பற்றி ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. நறுக்கிய இலையை ஈரத்துணியில் சுற்றி வைத்துவிட்டு எழுந்து போனாள்.

பத்து நாள் கழித்து அவளே போன் செய்தாள். எதிர்வீட்டுக்காரியின் மகள், இரண்டு பிள்ளை பெற்றவள், ராத்திரி காலை உதைத்துக்கொண்டு அழுகிறாளாம்.

“அந்த டெஸ்ட்டு பேரு என்னட்டி? எழுதிக்கிடுதேன்.”

எழுத்து எழுத்தாகச் சொன்னேன். எவ்வளவு ஆகும் என்றாள். நான் கொடுத்தது அறுநூறு என்றேன்.

“ரெண்டு நாள் பீடிக் காசுல்லா” என்றாள். கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. பேனாவைத் தரையில் உருட்டுகிற சத்தம் கேட்டது.

“சரி, இன்னொரு மட்டம் சொல்லு. முதல் எழுத்து என்ன?”