வெறுங்கையோடு ரியோ

ரியோ டி ஜெனீரோவுக்கு எந்த மாதம் போவது என்பதிலேயே எனக்கும் தங்கைக்கும் பாதிச் சண்டை முடிந்துவிட்டது. அவளுக்குக் கார்னிவல் வேண்டும். ஈஸ்டருக்கு 47 நாள் முன்னால் வரும் செவ்வாய்க்கிழமையை ஒட்டி நடப்பது அது. 2027இல் அந்தச் செவ்வாய் பிப்ரவரி 9. ஆஸ்கார் நீமேயர் வடிவமைத்து 1984இல் திறந்த சம்பாட்ரோமில், 'சம்பா பள்ளி' எனப்படும் நடனக் குழுக்களின் அணிவகுப்பை விடிய விடிய உட்கார்ந்து பார்க்க வேண்டுமாம். எனக்கு வரவு செலவுதான் முதலில் கண்ணில் படும். அந்த வாரம் அறை வாடகை எகிறிக் கிடக்கும். போதாக்குறைக்கு, பிப்ரவரி அங்கே கொளுத்தும் கோடை, மழையும் அப்போதுதான். வருஷா வருஷம் சென்னையில் மே மாதத்தைத் தள்ளுகிறவள், காசு கொடுத்து இன்னொரு மே மாதத்தை வாங்குவானேன்?

ஜூன், ஜூலை அவர்களுக்குக் குளிர்காலம். நமக்கு அது குளிரே இல்லை, மழையும் குறைவு. ஆனால் பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருப்பதால் உச்சிவேளைச் சூரியன் அப்போது வடக்கே சாய்ந்து நிற்கும். கோபகபானா கடற்கரையில் கடலோ அடுக்குமாடிகளுக்குத் தெற்கிலும் கிழக்கிலுமாக இருக்கிறது. குளிர்காலத்துப் பிற்பகலில் கட்டிட நிழல் மணலில் நீண்டு விழும். வெயில் காய வந்தவர்கள் தண்ணீரோரம் ஒதுங்க வேண்டியதுதான். கடைசியில் செப்டம்பர் என்று சமாதானமாகப் போனோம். கடல் தண்ணீர் சில்லென்றுதான் இருக்கும். இருக்கட்டும், நாங்கள் இருவருமே கணுக்காலுக்கு மேல் நனைகிற ரகமில்லை.

காகித வேலைகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. விசா எடுக்க வேண்டும். சென்னையிலிருந்து நேர் விமானம் கிடையாது, துபாயோ தோஹாவோ அடிஸ் அபாபாவோ வழியில் வரும். கடிகாரம் எட்டரை மணி நேரம் பின்னால் போகும். ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது: மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. போகும்போது பிரேசில் நம்மிடம் அதைக் கேட்பதில்லை, திரும்பும்போது இந்தியா கேட்கும். சான்றிதழ் இல்லாமல் வந்து இறங்கினால் ஆறு நாள் வரை தனிமையில் வைக்கலாம். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும் என்பதால், கிளம்பும் வாரத்தில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டுக்கு ஓடிப் பயனில்லை.

தங்கையின் திட்டம் கல்யாண வீட்டு மளிகைப் பட்டியல் மாதிரி, ஒன்று விடாது. முதல் நாள் காலை பத்து மணி: கிறிஸ்து சிலை. நான் அந்த வரியை அடித்தேன். 710 மீட்டர் உயரமுள்ள கோர்கோவாடோ மலையின் தலையில் நிற்கிறவர் அவர். மேகம் இறங்கிவிட்டால் காலடியில் நின்றாலும் முகம் தெரியாது. எனவே அவருக்குத் தேதி குறிப்பதில்லை. காலையில் ஜன்னல் வழியே மலை தெரிந்தால் கிளம்புவது, தெரியாவிட்டால் காப்பி. மேலே ஏறும் ரயில் 1884இலிருந்து ஓடுகிறது, சிலை திறந்தது 1931இல்தான். சிலையின் பாகங்களையே அந்த ரயிலில்தான் ஏற்றிக் கொண்டுபோனார்களாம்.

ரயில் போகும் வழி திஜூகா காடு. எனக்குச் சிலையைவிட அதுதான் முக்கியம். காப்பித் தோட்டம் போடக் காட்டை வெட்டித் தீர்த்தார்கள், ஊருக்குக் குடிதண்ணீர் தட்டுப்பட்டது. பேரரசர் இரண்டாம் பெத்ரோவின் ஆட்சியில் 1861இலிருந்து மரம் நட்டு வளர்த்த காடு இது. உள்ளே எங்கு பார்த்தாலும் பலா. போர்ச்சுகீசியர் இந்தியாவிலிருந்து கொண்டுபோன மரம், அங்கே மற்ற மரங்களை வளரவிடாமல் பெருகிவிட்டது. வேறு வழியில்லாமல் பட்டையைச் சுற்றிலும் வளையமாகச் செதுக்கிப் பட்டுப்போக விடுகிறார்கள்.

"பலாமரத்தப் போய் யாராவது சாகடிப்பாங்களாக்கா?" என்றாள்.

"நம்ம ஊர்ல சீமைக்கருவேலத்த வேரோட பிடுங்குறோம்ல, அங்க இது" என்றேன். சீமைக்கருவேலத்தின் சொந்த ஊர் அமெரிக்கக் கண்டங்கள்தான். அவளுக்கு மனசு ஆறவில்லை.

மற்றபடி எங்கள் நாட்கள் எல்லாம் கடற்கரைக்குத்தான். அதற்குத்தான் உண்மையில் திட்டம் தேவைப்படுகிறது. லெமே கடற்கரையில் 1 என்று தொடங்கி லெப்லோன் கடற்கரையில் 12 வரை உயிர்காப்பு நிலையங்களுக்கு எண் போட்டிருக்கிறார்கள். 'போஸ்டோ' என்று பெயர். ஊர்க்காரர்கள் சந்திக்க இடம் சொல்வதே இந்த எண்ணை வைத்துத்தான். இபனேமாவின் 9 இளைஞர், கலைஞர், இடதுசாரிகளின் இடமென்று 1970களிலிருந்தே பேர் வாங்கியது. அர்ப்பொயடோர் பாறைப் பக்கம் அலைச்சறுக்குப் பிள்ளைகள். லெப்லோன் கோடியில் கைக்குழந்தைக்காரர்கள். ஐம்பதைத் தாண்டிய இரண்டு பெண்களுக்கு லெமேயின் 1 போதும், சந்தடி கம்மி.

அங்கே என்ன கொண்டுபோவது? அநேகமாக ஒன்றுமில்லை. துண்டுக்குப் பதில் 'கங்கா' என்று ஒரு மெல்லிய துணியை விரிக்கிறார்கள். இடுப்பில் சுற்றிக்கொண்டு வருவதும் அதைத்தான், மணலில் படுப்பதும் அதில்தான். அப்பாவின் பழைய நாலு முழ வேட்டி ஒன்றைத் தங்கை எடுத்து வைத்துவிட்டாள். நாற்காலியும் குடையும் வாடகைக்குக் கிடைக்கும். உட்கார்ந்த இடத்துக்கே எல்லாம் நடந்து வரும். ஒரு தோளில் மாத்தே தேநீர், மறு தோளில் எலுமிச்சைச் சாறு என்று இரண்டு தகர உருளைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு ஒருவர் வருவார். குழாயைத் திறந்து, கேட்ட அளவில் இரண்டையும் கலந்து கொடுப்பார். கையடக்கக் கரியடுப்பைத் தூக்கிக்கொண்டு வருகிறவர், குச்சியில் குத்திய பாலாடைக் கட்டியைக் கண்ணெதிரே வாட்டித் தருவார். மரவள்ளி மாவில் செய்த வளையப் பிஸ்கட் 'குளோபோ': உப்பு வேண்டுமென்றால் பச்சைப் பை, இனிப்பென்றால் சிவப்பு. கடித்தால் பாதி காற்று.

உடை பற்றிய பேச்சைத் தங்கைதான் எடுத்தாள். அங்கே பாட்டிமார்களும் இரண்டு துண்டு உடையில் வயிறு தெரியக் கூசாமல் நடக்கிறார்கள், ஒருவரும் கண்டுகொள்வதில்லை. "சுடிதாரோட உட்கார்ந்தாத்தான்கா எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க." வாஸ்தவம். முட்டிவரை பேன்ட், தொளதொள சட்டை என்ற இடத்தில் இப்போதைக்கு நிற்கிறோம்.

பிரேசிலில் கடற்கரை சட்டப்படி பொதுச் சொத்து. ஓட்டல்காரர் வேலி போட்டு மடக்க முடியாது. கோடீஸ்வரரும் கூலிக்காரரும் ஒரே மணலில் என்று பெருமையாகச் சொல்வார்கள். அதை நான் முழுசாக நம்பவில்லை. ஊரின் வடபகுதியில் இருக்கிறவர்கள் பேருந்து மாறி மாறி வர வேண்டும். மெட்ரோ இபனேமாவுக்கு வந்ததே 2009இல்தான். 2015இல் கடற்கரைக்கு வரும் பேருந்துகளை மறித்து, ஏழைக் குடியிருப்புப் பையன்களைப் போலீஸ் இறக்கிக் கூட்டிப்போனது. பெரும்பாலும் கறுப்பினப் பிள்ளைகள். மணலில் திருட்டு நடக்கிறது என்பதும் நிஜம், அந்தப் பையன்கள் எல்லாரும் திருடர்களில்லை என்பதும் நிஜம்.

அதனால்தான் என் தரப்பில் ஒரே ஒரு இடத்தை விடாப்பிடியாகப் பட்டியலில் வைத்திருக்கிறேன்: துறைமுகப் பக்கம் இருக்கும் வலோங்கோ படித்துறை. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவந்தவர்களில் சுமார் ஒன்பது லட்சம் பேர் இறங்கிய இடம் என்கிறார்கள். மண்ணுக்கடியில் கிடந்ததை 2011இல் தோண்டி எடுத்தார்கள், 2017இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. பார்க்கப் பெரிதாக ஒன்றுமில்லை, கற்கள் பாவிய தரைதான். பிரேசில் அடிமை முறையை ஒழித்தது 1888இல். சிலை மலைக்கு ரயில் விட்டு நான்கு வருஷம் கழித்து.

இன்னும் தீராதது கைபேசிதான். அங்கே போய் வந்தவர்கள் எல்லாரும் ஒரே வாக்கில் சொல்வது: கடற்கரைக்கு நகை, கடிகாரம், கைப்பை வேண்டாம், அன்றைய செலவுக்குக் காசு, செருப்பு, கங்கா, அவ்வளவுதான். தண்ணீரில் இறங்குவதானால் பக்கத்துக் குடைக்காரரிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போகலாம், அது அங்கே சகஜம். நகையைக் கழற்றத் தங்கை ஒத்துக்கொண்டாள், தாலிச் சங்கிலி உட்பட. போனை மட்டும் விடமாட்டேன் என்கிறாள்.

"போட்டோ எடுக்காம அவ்ளோ தூரம் எதுக்குக்கா போறது?"

மேஜை டிராயரில் கிடக்கும் பழைய போன் போகட்டும் என்கிறேன். அதில் படம் மங்கலாக விழுகிறதாம். பேச்சுவார்த்தை நடக்கிறது.