ஞாயிற்றுக்கிழமை மண்ணரை

காலை ஆறு மணி. திருப்பூர் ஊத்துக்குளி சாலையில் ஒரு டவுன் பஸ் ஏழெட்டுப் பேரோடு போகிறது. நேற்று இதே பஸ்ஸில் படிக்கட்டு வரை ஆள் நின்றது.

பனியன் கம்பெனிகளின் வாரக்கணக்கு சனிக்கிழமையோடு முடியும். சம்பளம் கைக்கு வந்த இரவில் மளிகைக் கடையிலும் துணிக்கடையிலும் கூட்டம் கலைய நேரமாகும். அந்த அசதியில் ஊர் இன்னும் தூங்குகிறது. லைன் வீடுகளின் கதவுகள் வரிசையாகச் சாத்திக் கிடக்கின்றன. ஒவ்வொரு வாசலிலும் செருப்புகள். எண்ணினால் உள்ளே படுத்திருப்பவர்கள் எத்தனை பேரென்று தெரிந்துவிடும்.

மண்ணரையின் அமைதி வாரத்துக்கு ஒருநாள் அமைதி. பவர் டேபிளின் தடதடப்பும் நிட்டிங் மிஷினின் உறுமலும் அடங்கினால்தான் அது வெளியே வரும். முதலில் வருவது செம்போத்தின் குரல். பிறகு எங்கோ வாசல் பெருக்கும் சத்தம். அப்புறம் வேப்பமரத்தில் காற்று. இவை நேற்றும் இருந்தவைதான். கேட்க இடமில்லாமல் இருந்தன.

2011-ல் திருப்பூர் மாநகராட்சியோடு சேரும்வரை மண்ணரை தனி ஊராட்சி. எல்லைக்கோடு அழிந்தாலும் கிராமம் அழிந்துவிடவில்லை. இரண்டு கம்பெனிச் சுவர்களுக்கு நடுவே ஒரு துண்டுக் காடு மிச்சமிருக்கிறது. ஒரு பக்கம் கிளுவை வேலி, மூலையில் இரண்டு பனை, நடுவில் ஒரு வெள்வேல மரம். அதன் நிழலில் ஒரு வெள்ளாடு. ஆட்டைக் கட்டியிருப்பது தும்புக் கயிறு அல்ல. கட்டிங் வேஸ்ட்டை முறுக்கித் திரித்த கயிறு. சிவப்பு, நீலம், மஞ்சள் என்று எந்தெந்த நாட்டுக்கோ போன சட்டைகளின் ஓரங்கள் இங்கே ஆட்டின் கழுத்தில். வேலியில் தொங்கும் தேன்சிட்டுக் கூட்டிலும் பஞ்சு நூல் தெரிகிறது. இந்த ஊரில் குருவியும் பனியன் நூலில்தான் வீடு கட்டுகிறது.

பெரியவர் ஒருவர் வருகிறார். வேட்டியை மடித்துக் கட்டி, தலையில் துண்டு. கயிற்றை அவிழ்த்து ஆட்டை நடத்திப் போகிறார். நொய்யல் கரையோரம் புல் நிற்கிறது; ஆடு மேய்கிறது. மேய்ந்து முடித்து நீரின் பக்கம் கழுத்தை நீட்டியதும் கயிற்றைச் சுண்டுகிறார். திரும்ப வந்து, வாசலில் வைத்திருக்கும் தொட்டித் தண்ணீரைத்தான் காட்டுகிறார்.

அந்தச் சுண்டுதலில் ஒரு வரலாறே இருக்கிறது. வெள்ளியங்கிரியில் பிறந்து கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேரும் இந்த ஆறு, திருப்பூரைக் கடக்கும்போது சாயக்கழிவைச் சுமந்தது. பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் அது தேங்கி, கீழே இருந்த நிலத்தையும் கிணற்றையும் கெடுத்தது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. கழிவை ஆற்றில் விடாமல் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தும் முறை வந்த பிறகே பட்டறைகள் மெல்லத் திறந்தன. பெரியவரின் கைக்கு மட்டும் பழைய பயம் போகவில்லை.

மூளிக்குளத்தின் கரையில் வெயில் ஏறுகிறது. நீர்க்காகம் ஒன்று இறக்கையை விரித்துக் காயவைக்கிறது. நாமக்கோழிகள் கருப்பாக மிதக்கின்றன. கரைமேட்டில் ஓர் இளைஞன் உட்கார்ந்திருக்கிறான். வடக்கிலிருந்து வேலைக்கு வந்தவன். கையில் போன், திரையில் ஓர் அம்மாவின் முகம். அவன் போனைத் திருப்பி அவளுக்குக் குளத்தைக் காட்டுகிறான். நாமக்கோழியைக் காட்டுகிறான். தைக்கும் மிஷினையோ தங்கும் அறையையோ காட்டவில்லை. மகன் நல்ல இடத்தில்தான் இருக்கிறான் என்று அவள் நம்ப இந்தத் தண்ணீர் போதும்.

ஊத்துக்குளி சாலையிலேயே கிழக்கே கொஞ்ச தூரம் போனால் நஞ்சராயன் குளம். 2022-ல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். 2024-ல் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. குளிர்காலத்தில் வரித்தலை வாத்து இமயத்தைத் தாண்டி அங்கே வந்து இறங்கும். வடக்கிலிருந்து வருகிற பறவைக்கும் பையனுக்கும் இந்த மண்ணில் ஒரு கரை இருக்கிறது. கையளவு தண்ணீராவது சுத்தமாக இருக்கவேண்டும் என்று மனசு கேட்பது அவர்களுக்காகவும்தான்.

மணி எட்டாகிறது. கறிக்கடை முன்னால் வரிசை. லைன் வீட்டுக் கொடிகளில் ஒரு வாரத்துத் துணி ஏறுகிறது. ஒரு பெண் வாசற்படியில் உட்கார்ந்து மகளுக்கு எண்ணெய் தேய்க்கிறாள். ஆறு நாள் மிஷினில் துணி தள்ளிய விரல்கள் இன்று அவசரமில்லாமல் கூந்தலில் வகிடு எடுக்கின்றன. குழந்தை கண்ணை மூடிக்கொள்கிறது.

சந்துக் கடைசியில் ஒரு கம்பெனியின் ஷட்டர் ஏறுகிறது. அவசர ஷிப்மெண்ட் போல. முதல் மிஷின் ஓடத் தொடங்கியதும் செம்போத்தின் குரல் அமிழ்ந்துபோகிறது. காட்டில் வெள்ளாடு காதை நிமிர்த்திப் பார்க்கிறது. பிறகு தலையைத் தாழ்த்தி மேய்கிறது.

வாசற்படியில் அந்தத் தாய் மகளின் பின்னலை இன்னும் முடிக்கவில்லை.