புண்ணைக் கேட்டு வாங்குங்க!

'புண்ணா? காத்தாட விடு... தானா காஞ்சு பொருக்குத் தட்டிடும்!' நம்ம ஊர்ல இதைச் சொல்லாத பாட்டி உண்டா? முழங்கால் சிராய்ப்புக்கு ஓ.கே. ஆனா, சர்க்கரை நோயாளியோட பாதத்துக்கு..?

எங்க அப்பா இஸ்திரிக் கடை வச்சிருக்கார். காலைல ஏழு மணிக்கு நின்னா, ராத்திரிதான் உட்காருவார். பல வருஷமா சர்க்கரை. வலது கால் கட்டை விரலுக்குக் கீழே ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குப் புண் வந்தது அவருக்கே தெரியலை. பாதம் அந்தளவுக்கு மரத்துப் போயிருந்தது. தரையில ஈரத் தடம் பார்த்து நான்தான் கண்டுபிடிச்சேன். 'கவனிக்காம விட்டா விரலை எடுக்க வேண்டி வரும்'னு டாக்டர் சொன்ன அன்னிக்கு வீட்ல யாரும் சாப்பிடலை. பி.காம். படிக்கிற நான் அன்னிலேர்ந்து பார்ட் டைம் நர்ஸ்!

மெடிக்கல் ஷாப்ல டிரெஸ்ஸிங் கேட்டா காஜ், ஃபிலிம், ஜெல், ஃபோம்னு செல்போன் கடை மாதிரி அத்தனை மாடல். ஒரே ஒரு ஃபோம் வாங்குற காசுக்குக் கட்டுக்கட்டா காஜ் துணி கிடைக்கும். "விலை ஜாஸ்தியா இருக்கிறதையே வாங்கிடு பாப்பா"ன்னார் அப்பா. டிரெஸ்ஸிங் ரூம் சிஸ்டர் சிரிச்சாங்க. "முதல்ல புண்ணைப் பாரும்மா. அப்புறம் கடைக்குப் போ."

அவங்க சொல்லித்தந்த பாடம் இது. ஃபோம்ங்கிறது பாலியூரித்தேன் ஸ்பான்ஜ். புண்ணுல கசியற நீரை உறிஞ்சிக்கும். அதே சமயம் அளவான ஈரத்தை விட்டு வைக்கும். ஈரம் ஏன்? 1962-ல் ஜார்ஜ் வின்டர் என்ற விஞ்ஞானி பன்றிகளிடம் சோதித்துப் பார்த்தார். காற்றில் காய விட்ட காயங்களைவிட, மூடி ஈரமாக வைத்த காயங்களில் ஏறக்குறைய இரு மடங்கு வேகத்தில் புதுத் தோல் படர்ந்தது. பாட்டி வைத்தியம் அவுட்!

அதுக்காக எல்லாப் புண்ணுக்கும் ஃபோம் இல்லை. நீர் ஓரளவோ அதிகமாவோ கசிஞ்சா ஃபோம் சரி. காஞ்சு, கறுத்து, ஓடு மாதிரி இருந்தா அதுக்கு அங்கே வேலையே இல்லை; டாக்டர்தான் பார்க்கணும். புண்ணோட விளிம்பைத் தாண்டி எல்லாப் பக்கமும் ரெண்டு சென்டிமீட்டராவது மூடணும். தோல் மெலிசா இருந்தா சிலிக்கான் ஒட்டு உள்ளது நல்லது, பிய்க்காம வரும். உறிஞ்சின ஈரம் ஃபோமோட ஓரத்தை நெருங்கினா உடனே மாத்தணும். சுத்தியுள்ள தோல் வெள்ளையா ஊறிப் போனா ஈரம் அதிகம்னு அர்த்தம். சீழ், நாத்தம், பரவுற சிவப்பு, காய்ச்சல்... எது வந்தாலும் கடைக்கில்லை, டாக்டர்கிட்டே ஓடணும். ஃபோம் மருந்தில்லை!

எங்க கணக்கு இப்படிப் போச்சு. காஜ் தினமும் மாத்தணும். ஒட்டிக்கிட்டுப் புதுச் சதையையும் பிய்ச்சுட்டு வரும். தினம் ஆட்டோ, தினம் கடைக்கு லீவு. ஃபோம் மூணு நாளைக்கு ஒண்ணு போதும். அதனால ஃபோம் ஜெயிச்சது. ஆனா கசிவு குறைஞ்சதும், "இனிமே இது தண்டச் செலவு"ன்னு சிஸ்டரே சாதா டிரெஸ்ஸிங்குக்கு மாத்திட்டாங்க. சர்க்கரைப் புண் ஆறுவதில் சாதாரண டிரெஸ்ஸிங்கைவிட ஃபோம் மேல் என்பதற்கு ஆதாரம் இல்லைன்னு 2013-ல் வந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பும் சொல்லுது. கசிவு, வசதி, செலவு... இந்த மூணையும் பார்த்துதான் தேர்வு.

இதைவிடப் பெரிய போராட்டம் அப்பாவை உட்கார வைக்கிறது! புண் மேல உடம்பு எடை விழுந்துக்கிட்டே இருந்தா, தங்கத்துல டிரெஸ்ஸிங் போட்டாலும் ஆறாது. "உட்கார்ந்து எவன்டி தேய்ப்பான்?"னு கத்தினார். இஸ்திரி மேஜையோட காலை அரையடி அறுத்து, ஸ்டூல் போட்டோம். ரெண்டு நாள் பேசலை. மூணாவது நாள் உட்கார்ந்தார். சர்க்கரையும் கட்டுக்குள்ள வந்தது. நாலு மாசத்துல புண் மூடிருச்சு. அஞ்சு விரலும் பத்திரம்!

ஃப்ரெண்ட்ஸ், அடுத்த லீவுக்கு வீட்டுக்குப் போனா ஒரே ஒரு வேலை பண்ணுங்க. சர்க்கரை இருக்கிற அப்பா, அம்மாவோட பாதத்தைத் திருப்பி, விரலிடுக்கு வரைக்கும் பாருங்க. கூச்சப்படுவாங்க, 'விடுடா'ம்பாங்க. விடாதீங்க!