லவ் பேர்ட்ஸுக்கு தினை மட்டும் போதுமா?

நம்ம ஊர்ல லவ் பேர்ட்ஸ்னு விக்கிறது பெரும்பாலும் ஆஸ்திரேலியாவோட பட்ஜெரிகர் கிளிதாங்க. (பச்சைக்கிளி ஆசை இருந்தா மறந்துடுங்க, 1972 வனவிலங்குச் சட்டப்படி வீட்ல வளர்க்கக் கூடாது!)

அப்பா போனப்புறம் மதுரையில அம்மாவுக்குத் துணை இந்த மாதிரி ரெண்டு பேர்தான். "தினை திங்கிற சாதிக்கு எதுக்குடா கேரட்டு?"ன்னாங்க. நியாயமான கேள்வி. காட்டுலயும் அது புல் விதைதான் தின்னுது. ஆனா தீனி தேடி மைல் கணக்கா பறக்குதே! கூண்டுல அது ஏது? தினையில வைட்டமின் ஏ, கால்சியம் ரெண்டுமே கம்மி. சூரியகாந்தி விதையில கொழுப்பு ஜாஸ்தி.

அதனால தினையோட முருங்கைக்கீரை, கொத்தமல்லி, துருவின கேரட் கொடுங்க. கொறிக்க கூண்டுல கடல் நுரை ஒரு துண்டு. தினையை ஒரேயடியா நிறுத்திடாதீங்க. 30, 40 கிராம் உசுரு, பட்டினி தாங்காது. வெண்ணெய்ப்பழம், சாக்லேட், காபி மூணும் விஷம். உப்பு போட்ட முறுக்கும் வேணாம்.

முக்கியமா, கிண்ணம் நிறைஞ்சிருக்குன்னு நம்பாதீங்க. உரிச்சுத் தின்னுட்டு உமியை அங்கேயே போட்டுடும். தினமும் ஊதிப் பாருங்க.

ரெண்டு வாரம் கீரையைத் திரும்பிக்கூட பார்க்கலையாம். நேத்து போன்ல அம்மா குரல்ல அவ்ளோ சந்தோஷம்: "டேய், முருங்கைக் காம்பை மட்டும் மிச்சம் வச்சிருக்குடா!"

நான் சாப்பிட்டேனான்னு கேக்கவே இல்லை :-)