செப்புத் தகடு பதித்த முன்கட்டை

லீ-என்ஃபீல்டு ரைஃபிளைப் பிரிப்பதற்கு ஒரு வரிசை இருக்கிறது. முதலில் பேரலைத் தாங்கும் முன்கட்டை, அதற்கப்புறம்தான் பின்கட்டை. தோளில் அணைக்கும் பின்கட்டைக்குள் நீளமான திருகாணி ஒன்று ஓடுகிறது. அதன் முனை சதுரமாக இருக்கும். முன்கட்டையின் பின்விளிம்பில் பதித்த சிறு இரும்புத் தகட்டில் அந்தச் சதுரம் போய் உட்கார்ந்துகொள்ளும், திருகாணி தானாகத் தளரக் கூடாது என்பதற்காக. இது தெரியாதவர்கள் நீண்ட திருப்புளியை விட்டுப் பின்கட்டையை முதலில் திருகுவார்கள். சதுர முனை சுழலும், முன்கட்டை பிளந்துவிடும். லித்கோவில் நான் பார்க்கப்போன பெரியவரின் மேசையில் அப்படிப் பிளந்த முன்கட்டைகள் வரிசையாகக் கிடந்தன.

லித்கோ, சிட்னிக்கு மேற்கே நீல மலைகளுக்கு அப்பால் இருக்கிற நிலக்கரி ஊர். சிட்னி சென்ட்ரலில் ரயில் ஏறினால் மலைமேல் ஏறி, மறுபக்கம் பள்ளத்தாக்கில் இறங்கும்போது குளிர் எலும்பைத் தொடும். 1912 ஜூனில் ஆஸ்திரேலிய அரசு இங்கே துப்பாக்கித் தொழிற்சாலை திறந்தது. இயந்திரங்களை இங்கிலாந்திலிருந்து வாங்கவில்லை, அமெரிக்காவின் பிராட் அண்ட் விட்னி கம்பெனியிடமிருந்து வாங்கினார்கள். இங்கிலாந்தின் என்ஃபீல்டு, நம் வங்காளத்தின் இஷாபூர், ஆஸ்திரேலியாவின் லித்கோ என மூன்று கண்டங்களில் ஒரே துப்பாக்கியைச் செய்தார்கள். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் புது மாதிரிக்கு மாறிவிட்ட பிறகும் லித்கோ பழைய மார்க் 3 நட்சத்திர மாதிரியையே தொடர்ந்து செய்தது.

பெரியவர் அந்தத் தொழிற்சாலையின் ஓய்வுபெற்ற ஃபிட்டர். அவர் பயிற்சித் தொழிலாளியாகச் சேர்ந்த காலத்தில் அங்கே எஸ்.எல்.ஆர். ரைஃபிள்தான் ஓடிக்கொண்டிருந்தது. லீ-என்ஃபீல்டு அதற்கு முந்தைய தலைமுறையின் வேலை. அதைச் செய்த கைகளோடு பக்கத்தில் நின்று வேலை பார்த்தவர் என்பதால் அதன் நெளிவுசுளிவெல்லாம் அவருக்குத் தெரியும். இப்போது வீட்டுக்குப் பின்னாலிருக்கும் தகரக் கொட்டகைதான் அவர் பட்டறை. சேகரிப்பாளர்கள் கொண்டுவரும் பழைய ராணுவ ரைஃபிள்களை அங்கே சீராக்குகிறார். சுவரில் போல்ட் போட்டு இறுக்கிய எஃகுப் பெட்டி, ஒவ்வொரு துப்பாக்கிக்கும் பதிவுத் தாள். நியூ சவுத் வேல்ஸில் உரிமம் வேண்டுமென்றால் தகுந்த காரணம் காட்ட வேண்டும். தற்காப்பு என்பதை அங்கே காரணமாக ஏற்க மாட்டார்கள்.

எனக்கு இந்த ரைஃபிள் புதிதில்லை. கல்லூரியில் என்.சி.சி.யில் இருந்தபோது 'த்ரீ நாட் த்ரீ' என்றே அதைச் சொல்வோம். சுட முடியாதபடி ஆக்கி, அணிவகுப்புக்கென்று ஒதுக்கிய ரைஃபிள்கள் அவை. 'சலாமி சஸ்த்ர்' என்று குரல் வந்ததும் ஏறக்குறைய நான்கு கிலோ எடையை மார்புக்கு நேரே தூக்கி நிறுத்த வேண்டும். அந்த எடையின் நினைவுதான் என்னை இந்தக் கொட்டகைக்கு இழுத்துவந்தது என்று நினைக்கிறேன்.

பெரியவர் ஒரு முன்கட்டையைத் தலைகீழாகத் திருப்பி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். விசை இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில், இரண்டு புறமும் கட்டைவிரல் நகத்தைவிடச் சிறிய செப்புத் தகடுகள். தோட்டா வெடிக்கும்போது துப்பாக்கியின் உலோக உடல் பின்னோக்கி உதைக்கும். அந்த உதையை முன்கட்டையில் வாங்குவது மரத்தில் இருக்கும் இந்த இரண்டு முகங்கள்தான். ஐரோப்பிய வால்நட் மரமாக இருந்தால் தாங்கும். ஆனால் போர்க்காலத்தில் லித்கோ பயன்படுத்தியது உள்ளூர் மழைக்காட்டில் வளரும் கோச்வுட். இழை நேரானது, எடை குறைவு, ஆனால் மென்மை. உதை விழ விழ மரம் நசுங்கி இடைவெளி உண்டாகும். இடைவெளி வந்துவிட்டால் துப்பாக்கி குறி தப்பும், பிறகு கட்டையே பிளக்கும். ஆகவே உதை விழும் இடத்தில் செம்பைப் பதித்தார்கள்.

பக்கத்திலேயே இன்னொரு முன்கட்டையை வைத்தார். ஆர்.எஃப்.ஐ. முத்திரையோடு இஷாபூரிலிருந்து வந்தது. அதில் செம்பு இல்லை. தோட்டாப் பெட்டிக்குச் சற்று முன்னால், மரத்தின் ஒரு விலாவிலிருந்து மறு விலாவுக்கு ஒரு திருகாணி குறுக்கே ஓடியிருந்தது. சேகரிப்பாளர்கள் அதை 'இஷாபூர் ஸ்க்ரூ' என்றே சொல்கிறார்கள். மரம் பக்கவாட்டில் விரிந்து பிளக்காமல் இறுக்கிப் பிடிப்பது அதன் வேலை. வரைபடம் லண்டனிலிருந்து வந்ததுதான். ஆனால் அவரவர் மண்ணின் மரத்தையும் வெயிலையும் பார்த்துத் திருத்தம் செய்தவர்கள் லித்கோவிலும் இஷாபூரிலும் இருந்த தொழிலாளர்கள். அவர்களில் யாருடைய பெயரையும் நான் எந்தப் புத்தகத்திலும் பார்த்ததில்லை. இந்தத் தகட்டிலும் அந்தத் திருகாணியிலும் அவர்களுடைய யோசனை இருக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துத் தொட்டுப் பார்த்தபோது எனக்கு உண்டான மரியாதையை மறைக்க விரும்பவில்லை.

முத்திரைகளை வாசிப்பது இந்தத் தொழிலில் பாதி. ஒரு பின்கட்டையில் 'ஸ்லாஸ்' என்று அடித்திருந்தது. டென்னிஸ் மட்டை செய்யும் ஸ்லாசெஞ்சர்தான். மரத்தை வளைக்கவும் இழைக்கவும் தெரிந்தவர்கள் என்பதால் போர்க்காலத்தில் துப்பாக்கிக் கட்டைகளும் செய்தார்கள். சின்னப் பாகங்களில் ஓ.ஏ., பி.ஏ. என்று இருந்தால் ஆரஞ்ச், பாதர்ஸ்ட் ஊர்களின் துணைத் தொழிற்சாலைகள். அந்தப் பட்டறைகளில் லேத்துக்கும் மில்லிங் இயந்திரத்துக்கும் முன்னால் நின்றவர்களில் பெண்கள் ஏராளம். மெத்வென் தெருவில், தொழிற்சாலையை ஒட்டியே இருக்கும் அருங்காட்சியகத்தைத் தன்னார்வலர்கள் நடத்துகிறார்கள். துப்பாக்கிகளோடு அங்கே கைவிலங்கும் தையல் இயந்திரமும் இருக்கின்றன. போர் இல்லாத ஆண்டுகளில் தொழிற்சாலை பிழைத்தது இப்படிப்பட்ட பொருள்களால்தான். துப்பாக்கிப் பிரியர்கள் அந்தப் பக்கம் நிற்பதில்லை. எனக்கென்னவோ அந்தத் தையல் இயந்திரங்களைத்தான் நெடுநேரம் பார்க்கத் தோன்றியது.

கொட்டகைக்கு வரும் ரைஃபிள்களில் பெரும்பாலானவற்றுக்கு ஒரே கதை. போர் முடிந்ததும் மிச்சமான துப்பாக்கிகள் மலிவாக வெளியே வந்தன. பண்ணைக்காரர்கள் முயலுக்கும் கங்காருவுக்கும் வாங்கினார்கள். எடை குறைய வேண்டுமென்று முன்கட்டையைப் பாதியில் அறுத்தார்கள், பேரலுக்கு மேலிருந்த மரத்தை எறிந்தார்கள். அறுத்த ரைஃபிளுக்கு அதே ஆண்டின், அதே மரத்தின் கட்டையைத் தேடிக் கண்டுபிடித்துப் பொருத்துவதுதான் இவருக்கு அதிகமாக வரும் வேலை. புதுக் கட்டையைப் பேரலில் அப்படியே மாட்டிவிட முடியாது. உலோகத்தில் மெல்லிசாகக் கரி பூசி, கட்டையில் வைத்து அழுத்தி எடுக்கிறார். கறை பட்ட இடம் உயரம். அங்கே மட்டும் உளியால் ஒரு சீவல். மறுபடி கரி, மறுபடி அழுத்தம். செப்புத் தகடு இரண்டு புறமும் ஒரே நேரத்தில் உலோகத்தைத் தொட வேண்டும். ஒரு புறம் முந்தினால் குறி விலகும். நான் பார்த்துக்கொண்டிருந்த மதியம் முழுக்க அவர் எடுத்த மரத்தூள் ஒரு தேக்கரண்டி இருக்காது.

மரத்தில் பள்ளம் விழுந்திருந்தால் ஈரத்துணி வைத்து இஸ்திரிப் பெட்டியால் ஒற்றுகிறார். நசுங்கிய இழை ஆவியில் ஊறி எழும்பிவிடுகிறது. உப்புத்தாள் அவர் கொட்டகையில் மரத்தின் பக்கமே வராது. தேய்த்தால் முத்திரை போய்விடும், விளிம்புகளும் மழுங்கிவிடும். மேலுக்கு வார்னிஷ் கிடையாது. பச்சை ஆளிவிதை எண்ணெயை உள்ளங்கைச் சூட்டில் தேய்த்து, நாள்கணக்கில் காயவிட்டு, மறுபடி தேய்ப்பார். ராணுவமும் அதைத்தான் பூசியது. துடைத்த துணிகளைக் கசக்கிப் போடாமல் தண்ணீர் வாளியில் முக்குகிறார். ஆளிவிதை எண்ணெய் காயும்போது வெப்பம் உண்டாகும், குவியலாகக் கிடக்கும் துணி தானே பற்றிக்கொள்ளும். பேரலின் உட்புறத் துருவுக்குக் காரணம் அநேகமாகப் பழைய தோட்டாக்கள். அவற்றின் கேப்பில் இருந்த ரசாயனம் வெடித்தபின் உப்பாகப் படிந்து, காற்றின் ஈரத்தை இழுத்துத் துருவாக்கும். உப்பை எண்ணெய் கரைக்காது. அந்தக் காலச் சிப்பாய்கள் புனல் வைத்துக் கொதிநீர் ஊற்றிக் கழுவியதற்குக் காரணம் இதுதான். அப்படிக் கழுவாமல் விட்ட ரைஃபிளின் பேரலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக் காட்டினார். உள்ளே அம்மைத் தழும்பு.

ஒன்றைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை எழுத எனக்கு மனம் ஒப்பவில்லை. 1919 ஏப்ரல் 13 அன்று அமிர்தசரஸின் ஜாலியன்வாலா பாக்கில் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி டயரின் சிப்பாய்கள் கையில் இருந்ததும் .303 லீ-என்ஃபீல்டுதான். கூடியிருந்த மக்கள்மீது 1,650 தோட்டாக்கள் சுட்டார்கள். இந்த ரைஃபிளின் அழகைப் பேசும்போது இந்தியனாகிய என் வாயில் அந்த எண் வந்து நிற்கிறது. பெரியவரிடம் சொன்னேன். அவர் மறுப்பாக எதுவும் பேசவில்லை. 1996இல் டாஸ்மேனியாவின் போர்ட் ஆர்தரில் 35 பேர் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு அரசு ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகளைத் திரும்ப வாங்கி அழித்ததைச் சொன்னார். அது சரியான முடிவு என்பதே அவர் எண்ணம். அந்தக் குவியலில் போன சில பழைய துப்பாக்கிகளுக்காக இன்னும் வருந்துகிறார் என்பதும் உண்மை. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல அவருக்குத் தயக்கம் இல்லை.

அருங்காட்சியகத் துப்பாக்கிகளை வெல்டு வைத்து நிரந்தரமாகச் செயலிழக்கச் செய்ய வேண்டுமா என்று நியூ சவுத் வேல்ஸில் நீண்ட வாதம் நடந்திருக்கிறது. பொதுப் பாதுகாப்புக்காகக் கேட்கிறவர்களின் அச்சம் எனக்குப் புரிகிறது. ஆனால் உள்ளே இருக்கும் பொறியியல் அந்தச் சூட்டில் உருகிப்போகும். போல்ட்டைத் தனியே பூட்டி வைத்தாலே சுட முடியாது என்னும்போது, உருக்குவது தேவையில்லாத இழப்பு என்றே நான் நினைக்கிறேன். ஜாலியன்வாலா பாக்கைப் பற்றிப் பேசுவதற்கும் அந்தத் துப்பாக்கி எப்படி வேலை செய்தது என்று காட்டத்தான் வேண்டும். எவ்வளவு வேகமாகப் போல்ட்டை இழுத்துத் தள்ளலாம், ஐந்து ஐந்து தோட்டாக்களாகக் கிளிப்பிலிருந்து எப்படி நிரப்பலாம் என்று கண்ணால் பார்த்த பிறகுதான் அந்த 1,650இன் அர்த்தம் எனக்கு முழுதாக உறைத்தது.

பெரியவருக்குக் கோபம் வருவது போலிகளிடம்தான். உடல், போல்ட், நோஸ் கேப், முன்கட்டை எல்லாவற்றிலும் ஒரே எண் இருந்தால் விலை எகிறும். அதனால் பழைய எண்ணை அராவிவிட்டுப் புது எண் அடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். வேறொரு துப்பாக்கியின் போல்ட்டில் எண்ணை மாற்றி விற்றால் அது ஏமாற்று மட்டுமில்லை, தோட்டா உட்காரும் இடைவெளி பொருந்தாமல் போய் சுடுகிறவன் முகத்துக்கே ஆபத்து. இவர் எண் அடிப்பதில்லை. மாற்றிய பாகங்களை ஒரு துண்டுத் தாளில் எழுதுகிறார்: எந்தக் கட்டை, எந்த ஆண்டு, எங்கே ஒட்டு, எந்தத் திருகாணி புதிது. பின்கட்டையின் பித்தளைத் தகட்டில் ஒரு சின்னக் கதவு உண்டு. சிப்பாயின் எண்ணெய்க் குப்பியும் பேரல் துடைக்கும் கயிறும் இருந்த பொந்து அது. தாளைச் சுருட்டி அதற்குள் வைத்து மூடுகிறார். வாடிக்கையாளர்களில் சிலர் அதை எடுத்துவிட்டு விற்பதும் அவருக்குத் தெரியும். அதனால் இப்போதெல்லாம் ஒரு நகலைத் தானே வைத்துக்கொள்கிறார், வரிசை எண்ணோடு, தடித்த பள்ளிக்கூட நோட்டில். யாராவது போன் செய்து எண்ணைச் சொல்லிக் கேட்டால் வாசித்துக் காட்டுவார்.