பெயர் எழுதாத பாட்டில்

டிசம்பர் பிறந்துவிட்டால் நம் ஊர் ஆபீஸ்களிலும் கல்லூரிகளிலும் 'கிறிஸ்மா, கிறிஸ்சைல்டு' விளையாட்டு தொடங்கிவிடும். எல்லோர் பெயரையும் சீட்டில் எழுதிக் குலுக்கிப் போடுவார்கள். யார் பெயர் நம் கைக்கு வருகிறதோ, அவருக்கு நாம்தான் கொடுத்தோம் என்று தெரியாமல் ஒரு பரிசு கொடுக்க வேண்டும். மேல்நாட்டில் இதை சீக்ரெட் சான்ட்டா என்கிறார்கள். நான் உத்தியோகத்தில் இருந்த காலத்தில் இந்த விளையாட்டில் எனக்குக் கிடைத்தவை நான்கு சோப்பு டப்பா, மூன்று போட்டோ ஃப்ரேம், ஒரு பிளாஸ்டிக் பூச்செடி.

சென்ற வாரம் அமெரிக்காவிலிருந்து பேசிய என் தங்கை பேரனிடம், அங்கேயும் இந்த விளையாட்டு உண்டா என்று கேட்டேன்.

"உண்டு தாத்தா. ஆனா எங்க குரூப்ல சோப்பு டப்பா எல்லாம் கிடையாது. அவங்கவங்க வீட்டுல தயாரிச்ச பீரைத்தான் கொடுப்போம்" என்றான்.

நான் பதறுவேன் என்று எதிர்பார்த்தான் போலிருக்கிறது. புதுச்சேரியில் பிறந்து வளர்ந்தவன் இதற்கெல்லாம் பதறுவதில்லை. "எப்படிச் செய்வீங்க, சொல்லு" என்றேன். உற்சாகமாகிவிட்டான். முளைகட்டி உலர்த்திய பார்லியை வெந்நீரில் ஊறவைத்து இனிப்பை இறக்க வேண்டுமாம். அந்த நீரை ஹாப்ஸ் என்ற கசப்புப் பூவோடு கொதிக்கவிட்டு, ஆறவைத்து, ஈஸ்ட் சேர்த்துச் சில வாரம் வைத்தால் பீர். அதைப் பாட்டிலில் அடைத்து, பேப்பரில் சுற்றி, வெறும் நம்பர் மட்டும் போட்டுக் கொடுக்கிறார்கள். அந்த நாட்டுத் தபாலில் மதுவை அனுப்பக் கூடாது என்பதால் எல்லாம் நேரில்தான். வாங்கியவர் குடித்துப் பார்த்துவிட்டு, யார் தயாரித்தது என்று தெரியாமலே அபிப்பிராயம் எழுதித் தருகிறார்.

அதற்குப் படிவமே இருக்கிறது என்றான். பழைய குமாஸ்தாவுக்குப் படிவம் என்றால் காது நீண்டுவிடும். மொத்தம் 50 மதிப்பெண். மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் படும் உணர்வுக்கு 5, மொத்தத்தில் எப்படி என்பதற்கு 10. பீர் பார்க்க அழகாக இருந்தால் 3 மதிப்பெண்தான். மனிதர்களுக்கும் இந்த விகிதம் சரியாகத்தான் இருக்கும் என்று தோன்றியது.

அமெரிக்காவில் 1933-ல் மதுவிலக்கை எடுத்தபோது, வீட்டில் ஒயின் செய்துகொள்ள வழி விட்டவர்கள் பீரை விட்டுவிட்டார்கள். 1978-ல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் வீட்டு பீருக்கும் மத்திய அரசின் அனுமதி வந்தது. ஆண்டுக்கு ஒருவருக்கு 100 கேலன், அதாவது சுமார் 378 லிட்டர். விற்கக் கூடாது. விற்க முடியாத ஒன்றை நிறையச் செய்பவன் கடைசியில் யாருக்காவது கொடுத்துத்தானே ஆக வேண்டும்! அங்கிருந்து வந்ததுதான் இந்தப் பரிசு விளையாட்டு என்று நினைக்கிறேன்.

"தம்பி, இதை எங்க அத்தை 1960-களிலேயே நடத்திட்டாங்க" என்றேன். அவன் நம்பவில்லை. உங்களுக்காவது விவரமாகச் சொல்கிறேன்.

பிரெஞ்சுக்காரர்கள் 1954 நவம்பர் 1-ல் நிர்வாகத்தை ஒப்படைத்துவிட்டார்கள். சட்டப்படியான ஒப்படைப்பு 1962 ஆகஸ்ட் 16-ல். ஆனாலும் எங்கள் தெருவில் பாதிப் பேர் பிரெஞ்சு பென்ஷனில் வாழ்ந்தவர்கள். சைகோனில் பட்டாளத்திலோ ஆபீஸிலோ இருந்துவிட்டுத் திரும்பியவர்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் கடலூரில் முழு மதுவிலக்கு. இந்தப் பக்கம் கிறிஸ்துமஸ் என்றால் வீட்டுக்கு வீடு திராட்சை ஒயின். பிரெஞ்சில் 'வேன்' என்போம்.

கல்லறைத் திருநாள் முடிந்ததும் ஜாடி இறங்கும். மேலே பழுப்பும் கீழே வெள்ளையுமான பெரிய ஊறுகாய் ஜாடி. கறுப்புத் திராட்சையைக் கழுவி ஈரம் போக உலர்த்தி, கையால் பிசைந்து, சர்க்கரை, கொஞ்சம் கோதுமை, பட்டை, கிராம்பு, ரொட்டிக்கடையில் வாங்கிய ஈஸ்ட் எல்லாம் போட்டு, வாயில் வெள்ளைத் துணி கட்டிவிடுவார் அத்தை. தினமும் மரக்கரண்டியால் ஒரு கிளறு. ஈஸ்ட் இனிப்பைத் தின்று சாராயச் சத்தையும் கரியமில வாயுவையும் விடும். அந்த வாயு வெளியேற வழி வேண்டும், அதற்குத்தான் துணி. இறுக்கி மூடினால் வெடிக்கும். 21 நாள் கழித்து வடிகட்டி, இன்னும் 21 நாள் தெளியவிட்டால் கிறிஸ்துமஸுக்குச் சரியாக இருக்கும்.

ஆரம்பத்தில் பெயர் சொல்லித்தான் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொண்டார்கள். பெயர் சொல்லிக் கொடுத்தால் பதிலும் ஒன்றே ஒன்றுதான்: "பிரமாதம்!" புளித்துக் காடியாகப் போனதும் பிரமாதம், பாகு போலத் தித்தித்ததும் பிரமாதம். அத்தைக்கு இது பிடிக்கவில்லை. கன்னியர் மடத்துப் பள்ளியில் பெயர் குலுக்கிப் போட்டு, தெரியாமல் ஒருவருக்கொருவர் உதவி செய்யும் வழக்கத்தை அவர் பார்த்திருந்தார். அதையே ஒயினுக்குக் கொண்டுவந்தார்.

மொத்தம் ஏழு வீடு. ஒரே மாதிரியான ஏழு பச்சைப் பாட்டில். ஒவ்வொரு வீட்டிலும் போய்ப் பாட்டிலை வாங்கி, நம்பர் போட்டு, சீட்டுப்படி வேறொரு வீட்டு வாசலில் வைத்துவிட்டு வர வேண்டியது என் வேலை. எந்த நம்பர் யாருடையது என்று எனக்கு மட்டும்தான் தெரியும், அத்தைக்குக்கூடத் தெரியாது. பாதியைக் குடித்துவிட்டு மீதியை ஜனவரி முதல் தேதி அத்தை வீட்டுக்குக் கொண்டுவருவார்கள். எல்லோரும் எல்லாவற்றையும் ஒரு வாய் சுவைத்து, தனித்தனிச் சீட்டில் அபிப்பிராயம் எழுதுவார்கள்.

கையெழுத்து காட்டிக்கொடுத்துவிடுமே? அதனால் எல்லாச் சீட்டையும் நான் ஒருவனே திரும்ப எழுதிப் படிக்க வேண்டும். சிலர் பிரெஞ்சில் எழுதுவார்கள், சிலர் தமிழில். எழுதத் தெரியாதவர் என் காதில் சொல்வார். எந்த மொழி என்பதே ஆளைக் காட்டிவிடும் என்பதால் எல்லாவற்றையும் தமிழில்தான் எழுத வேண்டும் என்றார் அத்தை. நானோ பிரெஞ்சு வழியில் படித்தவன். பின்னாளில் அரசாங்கக் கோப்புகளில் குறிப்பு எழுதிய இந்தக் கை, முதன்முதலில் ஒழுங்காகத் தமிழ் எழுதப் பழகியது "புளிப்பு தூக்கல்", "கிராம்பு வாசனை அதிகம்" என்று எழுதித்தான்.

ஏழு வீட்டில் ஒன்று, மாடி வீட்டு மதாம். தெருவிலேயே வசதியான வீடு. இன்னொன்று, அந்த மதாம் உட்பட எங்கள் எல்லோருக்கும் துணி தைத்துக் கொடுத்த ஒரு அம்மாள். தையலம்மா என்போம். வருஷம் முழுக்க இந்த வீடுகளிலிருந்து பழைய துணியும் கேக் துண்டும் வாங்கிக்கொள்கிறவர். கொடுக்கிற இடத்தில் அவர் இருந்தது இந்த விளையாட்டில் மட்டும்தான். சுவைக்க வந்தாலும் நாற்காலியில் உட்கார மாட்டார், நிலைப்படி ஓரம்தான்.

எனக்கு அப்போது பதினான்கு வயது. அந்த ஆண்டு 4-ம் நம்பர் பாட்டில் எல்லோரையும் மயக்கிவிட்டது. சீட்டுகளிலேயே அதிகப் புகழ்ச்சி மதாமுடையது. "பழமும் தெரிகிறது, பொறுமையும் தெரிகிறது" என்று பிரெஞ்சில் எழுதியிருந்தார். 2-ம் நம்பருக்கு ஒரு சீட்டு வந்தது: "சர்க்கரை ரொம்ப, திராட்சையைக் காணோம்." இரண்டையும் சபையில் நான்தான் படித்தேன். 4-ம் நம்பர் தையலம்மாவுடையது. 2-ம் நம்பர் மதாமுடையது. திராட்சையைக் காணோம் என்று என் காதில் சொன்னவர் தையலம்மா.

மதாம் சத்தமாகக் கேட்டார்: "நாலாம் நம்பர் யாரோடது? அடுத்த வருஷம் என் வீட்டுக்கும் அவங்களே செய்யட்டும்." யாரும் வாய் திறக்கவில்லை, அதுதான் விதி. நிலைப்படி ஓரத்தில் தையலம்மா முந்தானை நுனியைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் மதாம் என்னைக் கூப்பிட்டனுப்பினார். தட்டில் சாக்லேட் இருந்தது. "அந்த ரெண்டாம் நம்பர் சீட்டை எழுதினது யாரு தம்பி? சும்மா தெரிஞ்சுக்கத்தான்."

"சொல்லக் கூடாதுங்க மதாம்" என்றேன். அவர் வீட்டுத் தையல் வேலைதான் அந்த அம்மாளுக்குப் பாதி அரிசி என்று பதினான்கு வயதுப் பையனுக்கும் தெரியும். மதாம் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சரி, சாக்லேட்டை எடுத்துக்கோ" என்றார். நல்ல மனுஷி. அடுத்த வருஷம் அவர் ஒயினில் சர்க்கரை குறைந்திருந்தது.

அன்று சாயங்காலம் தையலம்மா வந்து, "தம்பி, நாலாம் நம்பர் சீட்டை இன்னொரு தரம் படி" என்றார். படித்தேன். "அந்தக் காகிதத்தை நான் எடுத்துக்கலாமா?" என்று கேட்டு வாங்கி, நான்காக மடித்துக்கொண்டு போனார். பிறகு ஒருநாள் சட்டை வாங்கப் போனபோது தையல் மிஷின் டிராயரில் ஊசிப் பெட்டிக்கு அடியில் அது இருப்பதைப் பார்த்தேன். இப்போது அந்த ஏழு வீட்டுப் பெரியவர்களில் ஒருவரும் இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். பெயர்களை இப்போதும் எழுதவில்லை.

இதே கதை உலக அளவிலும் ஒருமுறை நடந்தது. 1976 மே 24 அன்று பாரீஸில் ஸ்டீவன் ஸ்பரியர் என்ற ஆங்கிலேய ஒயின் வியாபாரி, பிரெஞ்சு ஒயின்களையும் கலிஃபோர்னியா ஒயின்களையும் பெயர் மறைத்துப் பிரெஞ்சு நிபுணர்களுக்குக் கொடுத்தார். வெள்ளையிலும் சிவப்பிலும் முதலிடம் கலிஃபோர்னியாவுக்கே போனது. லேபிள் தெரிந்திருந்தால் அந்த முடிவு வந்திருக்காது. பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு அப்போது கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் நிலைப்படி ஓரத்தை நினைத்தால் அந்த வருத்தம் நிற்கவில்லை.

ஆபீஸில் என் மேசைக்குத் தீபாவளிதோறும் இனிப்புப் பெட்டிகள் வரும். ஒன்றில்கூடப் பெயர் இல்லாமல் இருந்ததில்லை. அட்டையில் பெயர், பெயருக்குப் பின்னால் ஒரு கோப்பு எண். கோப்பு நகர்ந்தபின் அடுத்த வருஷம் பெட்டி வராது. பெயர் போட்டுக் கொடுப்பது எல்லாமே தப்பு என்று சொல்லவில்லை. ஆனால் பெயர் போடாமல் கொடுப்பவரால் பதிலுக்கு எதையும் எதிர்பார்க்க முடியாது. வாங்குபவரும் பொய் சொல்ல வேண்டியதில்லை.

இவ்வளவு சொல்லிவிட்டு இன்னொரு பெயரில்லாத பாட்டிலைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. எங்கள் மங்கலம்பேட்டையிலிருந்து உளுந்தூர்பேட்டை போனாலே கள்ளக்குறிச்சி மாவட்டம். 2024 ஜூனில் அந்தக் கள்ளக்குறிச்சியில் கள்ளச்சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு மே மாதம் மரக்காணம் பக்கத்தில். அதுவும் யார் செய்தது என்று தெரியாத சரக்குதான்.

திராட்சையைப் புளிக்கவைத்தால் வருவது எத்தில் ஆல்கஹால். ஆளைக் கொன்றது தொழிற்சாலைக்கான மெத்தனால். அது உடம்புக்குள் போய் ஃபார்மிக் அமிலமாக மாறி, கண் நரம்பைக் கெடுத்து, உயிரையும் எடுக்கிறது. நாக்கை நம்பிப் பயனில்லை, குடிக்கிறபோது வித்தியாசம் தெரியாது. அத்தையின் ஏழு பாட்டிலில் எது யாருடையது என்று தெரியாதே தவிர, அந்த ஏழு பேருக்குள் ஒருவர்தான் செய்திருக்கிறார் என்று எல்லோருக்கும் தெரியும். பெயரை மறைத்தாலும் அங்கே பொறுப்பு மறையவில்லை. கள்ளக்குறிச்சிப் பாக்கெட்டில் பொறுப்பே கிடையாது.

அதனால் இதைப் படித்துவிட்டு யாரும் ஜாடியை இறக்க வேண்டாம். தமிழ்நாட்டில் 1937-ம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம்.

ஆனால் ஊறுகாய்க்குச் சட்டம் இல்லை! பக்கத்து விருத்தாசலம் பீங்கானுக்குப் பேர்போன ஊர். அங்கே ஒரே மாதிரியான ஐந்து சின்ன ஜாடி வாங்கினேன். போன பொங்கலுக்கு எங்கள் தெருவில் ஐந்து வீடு, அதில் இரண்டு முஸ்லிம் வீடு, எலுமிச்சை ஊறுகாய் போட்டு நம்பர் மட்டும் ஒட்டி மாற்றிக்கொண்டோம். சீட்டுகளை நான்தான் திருப்பி எழுதினேன். 3-ம் நம்பர் ஜாடிக்கு வந்த சீட்டு: "உப்பு போட மறந்துட்டீங்களா?"

அது என் மனைவியுடையது. எழுதியது யார் என்று பத்து மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். "அறுபது வருஷ சர்வீஸ், வாயைத் திறக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டேன். இந்த வருஷம் உப்பு சரியாக இருக்கிறது.