உடைந்த பட்டையைப் படிப்பவர்கள்

புதுப் பட்டைக்கு விலை கேட்ட டிரைவரிடம் மேஸ்திரி திருப்பிக் கேட்டது ஒன்றுதான்: “உடைஞ்சது எங்கீங்க?”

கிளீனர் பையன் இரண்டு துண்டுகளையும் தூக்கி வந்து போட்டான். மேஸ்திரி முறிந்த முகத்தைத் துணியால் துடைத்து வெயிலில் திருப்பிப் பார்த்தார். மேல் ஓரம் கறுத்து, துரு ஏறி, வழவழப்பாக இருந்தது. மிச்சமெல்லாம் புதிதாக உடைத்த கருங்கல் போல மினுங்கியது. “கறுப்பா இருக்கறது ரொம்ப நாளைக்கு முந்தின கீறலுங்க. மினுங்கறதுதான் இப்ப விட்டது” என்றார்.

நாமக்கல்லுக்கு வெளியே நெடுஞ்சாலை ஓரத்துப் பட்டறை அது. சேலம் சீலநாயக்கன்பட்டியிலிருந்து மல்லூர், ஆண்டகளூர் கேட், புதுச்சத்திரம் என்று வரும் வழியெங்கும் லாரியை நம்பிய தொழில்கள்தான். பாடி கட்டுவதற்குப் பேர்போன ஊர் நாமக்கல். கேஸ் டேங்கர் உரிமையாளர்களின் தென்மண்டலச் சங்கமும் இங்கேதான் இருக்கிறது. வண்ணமடித்து நிற்கும் புது பாடியைப் பார்க்க எல்லோரும் வருவார்கள். அடியில் படுத்து முன்பட்டை மாற்றுகிறவரைத் தேடி யாரும் வருவதில்லை. நான் அதற்காகவே போனேன்.

லாரியின் முன் அச்சைச் சட்டத்தோடு இணைப்பது பட்டைக் கட்டு, அதாவது லீஃப் ஸ்பிரிங். மேலே இருக்கும் மெயின் பட்டையின் இரு முனையும் கண்ணாகச் சுருட்டப்பட்டிருக்கும். ஒரு கண் பிராக்கெட்டில் பின் போட்டு நிலையாக நிற்கும். மற்றது ஷேக்கிளில் ஆடும். பாரம் ஏறும்போது வளைவு நிமிர்ந்து பட்டை நீளும், அந்த நீளத்துக்கு இடம் கொடுப்பது ஷேக்கிள். இரண்டாம் பட்டையும் கண் வரை நீண்டு அதைத் தழுவியிருக்கும். மெயின் பட்டை ஓட்டத்தில் விட்டுப்போனாலும் அச்சு உடனே விலகிவிடாமல் பிடித்து வைப்பது அதுதான். அந்த டிரைவர் பட்டறை வரை ஓட்டி வர முடிந்ததும் அதனால்தான்.

இந்தப் பட்டை முறிந்தது நடுத்துளையில். அதைக் கண்டதும் மேஸ்திரி பட்டையை விட்டுவிட்டு யூ போல்ட் நட்டுகளில் ஸ்பேனரை வைத்தார். இரண்டு நட்டுகள் லேசாகவே திரும்பின. அந்தத் துளையில் போகும் சென்டர் போல்ட்டின் வேலை பட்டைகளை நேராக நிறுத்துவது மட்டும். கட்டை அச்சோடு இறுக்கிப் பிடிக்க வேண்டியது யூ போல்ட். அது தளர்ந்தால் நடுப்பகுதி ஆட ஆரம்பிக்கும், துளையோரத்தில் கீறல் விழும். சில வண்டிகளில் சென்டர் போல்ட்டே அறுந்து அச்சு ஒரு பக்கம் பின்வாங்கிவிடும். ஸ்டியரிங் இழுக்கும், டயர் தேயும். முறிவு கண்ணுக்குப் பக்கத்தில் இருந்திருந்தால் அவர் கிரீஸ் காணாத புஷ்ஷையும் இறுகிப்போன ஷேக்கிளையும் சந்தேகித்திருப்பார். எந்த உதிரிபாகம் வாங்குவது என்பதை உடைந்த பாகம்தான் சொல்கிறது. அதை வழியிலேயே எறிந்துவிட்டுக் கடைக்கு வருகிறவர் பாதித் தகவலைத் தொலைத்துவிட்டு வருகிறார்.

டிரைவர் கூடுதலாக ஒரு பட்டை சேர்க்கச் சொன்னார். மேஸ்திரி மறுத்துவிட்டார். 2018 ஜூலையில் மத்திய அரசு முன் அச்சுக்கான எடை வரம்பை 6 டன்னிலிருந்து 7 டன்னாகவும், இரண்டு அச்சு லாரியின் மொத்த எடையை 16.2 டன்னிலிருந்து 18.5 டன்னாகவும் உயர்த்தியது. அதற்கும் மேல் ஏற்றிவிட்டுப் பட்டையைக் கூட்டினால் வண்டி விறைத்துப்போகும். பட்டை வாங்க வேண்டிய அதிர்ச்சி பிராக்கெட்டுக்கும் கிங்பின்னுக்கும் டிரைவரின் முதுகெலும்புக்கும் போகும். வெல்டிங் அதைவிட மோசம். பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் நனைத்து, மறுபடி அளவாகச் சூடாக்கி எடுத்த எஃகின் பதம் அந்தச் சூட்டில் கெட்டு, ஒட்டுக்குப் பக்கத்திலேயே முறியும்.

வேலை தொடங்கியதும் பேச நேரமில்லை. ஜாக்கி ஏறியது, நட்டுகள் கழன்றன. பழகி வளைவிழந்த மறுபக்கத்துப் பட்டைகளை இரண்டு கட்டைகளுக்கு நடுவே வைத்துச் சம்மட்டியால் அடித்து வளைவு ஏற்றினார்கள். இல்லையென்றால் புதுப்பட்டை போட்ட பக்கம் உயர்ந்து நிற்கும். இரும்பு இரும்பில் விழும் அந்தச் சத்தத்தில் என் காது அடைத்துக்கொண்டது. நாள் முழுக்க அதிலேயே நிற்கிறவர்கள் காதில் ஒரு பஞ்சுகூட இல்லை. இளைய தொழிலாளியிடம் எதையும் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. எனக்கு அது தாங்க முடியாததாக இருந்தது. காதுறை அப்படியொன்றும் விலை கூடியதல்ல.

பழுதைப் பார்த்தபின் பாகம் வாங்கும் இந்த வழக்கம் கார் வைத்திருப்பவர்களுக்கும் பொருந்தும். 1983இல் வந்த மாருதி 800 முதல் நம் சிறிய கார்களின் முன்பக்கம் ஸ்ட்ரட்டும் லோயர் ஆர்மும்தான். வேகத்தடையில் டக் டக்கென்று சத்தம் கேட்டதுமே ஷாக் அப்சர்பர் வாங்கிவிடுகிறோம். பல நேரம் காரணம் தேய்ந்த லிங்க் ராடோ பால் ஜாயின்ட்டோ கிழிந்த புஷ்ஷோதான். சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்தபின் வாங்கலாம். ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும், மாற்றியபின் அலைன்மென்ட் பார்க்க வேண்டும்.

புது லாரிகளில் பல பட்டைகளுக்குப் பதிலாக, நடுவில் தடித்து முனையில் மெலிந்த இரண்டு மூன்று பாரபோலிக் பட்டைகள் வருகின்றன. உராய்வு குறைவு, ஓட்டம் மென்மை. ஆனால் அவற்றைச் சம்மட்டியால் அடித்து வளைவு ஏற்றக் கூடாது, இன்னொன்றைச் செருகவும் கூடாது. செட்டாக வாங்கி மாட்டத்தான் வேண்டும். “அடிக்கற வேலை போயிடும். பார்க்கற வேலை போகாதுங்க” என்றார் மேஸ்திரி.

பழைய யூ போல்ட்டையே மாட்டட்டுமா என்று டிரைவர் கேட்டார். இழுபட்ட மரை இறுக்கத்தைப் பிடிக்காது என்று புதிதாக நான்கு எடுத்துக் கொடுத்தார்கள். “லோடு ஏத்தி ஓடினதும் பட்டை படிஞ்சு போல்ட் கொஞ்சம் தளரும். போற வழியில எங்கயாவது நிறுத்தி இன்னொருக்கா முறுக்கிக்கங்க. சும்மா சொல்லலீங்க, இந்தத் தடவையும் அதுலதான் விட்டது.”